நோன்பென்று பெயரிட்ட பசி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டோடும் தன் உடம்போடும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிற ஒருவர், அதைச் சொல்லிக்கொண்டு உங்கள் கதவைத் தட்டமாட்டார். கேஸ்ட்ரிக் என்று வருவார். தலைச்சுற்று என்று வருவார். முடி கொட்டுகிறது, நித்திரை இல்லை, கை கால் குளிர்கிறது என்று வருவார். டொக்டர் இரத்தம் சோதித்துப் பார்த்து, ஒன்றும் பிடிபடாமல், கடைசியில் ஒரு துண்டு எழுதி உங்கள் அறைக்கு அனுப்பிவைப்பார். கதிரையில் வந்து உட்காருகிறவருக்கு ஏன் இங்கே அனுப்பினார்கள் என்றே தெரியாது.

நான் புத்தளம் மாவட்டத்துக் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றில் உளவளத்துணையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கண்டக்குழிக் கடற்கரைச் சுற்றுலா விடுதிகளில் வெள்ளைக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து எடுத்தே தன் உடம்பை வெறுக்கத் தொடங்கிய இளைஞர்கள், கல்யாணம் பேசி முடித்த பெண்கள், பிள்ளை பெற்ற தாய்மார் என்று பலரைப் பார்த்திருக்கிறேன். இது பணக்கார வீட்டுப் பெண்பிள்ளைகளின் நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைக்கு ஒருத்தியின் கதையை மட்டும் சொல்கிறேன். அவசரத்தில் நான் எடுத்த சில முடிவுகள் அதில் இருக்கின்றன. அவை சரியான முடிவுகள் என்று இப்போதும் நம்புகிறேன்.

அவளை நஸ்ரியா என்று கூப்பிடுவோம். உண்மைப் பெயர் அதுவல்ல. எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க மிஸ். ஆனா என்னப் பாவமெண்டு மட்டும் எழுதிராதீங்க" என்றாள்.

புத்தளத்துக் கரைத்தீவிலிருந்து அவளை மாமியார்தான் கூட்டிவந்தார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து கையில் பிள்ளையோடு வந்து, ஓலைக் குடிசையில் தொடங்கி, கல்வீடு கட்டி நிமிர்ந்த மனுஷி. குரலிலேயே அது தெரியும். அறைக்குள் வந்ததும் மருமகளுக்கு முன்பாகவே பேசத் தொடங்கிவிட்டார்.

"இவவுக்கு ஒரு நோயும் இல்ல மிஸ். பலவீனம்தான். ஒரு விற்றமின் குளிசை எழுதித் தரச் சொல்லுங்க. எங்கட மருமகள் மாதிரி ஒரு புள்ள இந்த ஊர்ல இல்ல. கடமையில்லாத சுன்னத்து நோம்பு கூட, திங்களும் வியாழனும் விடவே மாட்டா. இப்ப அல்ஹம்துலில்லாஹ், கிட்டத்தட்ட எல்லா நாளும் நோம்புதான்."

நஸ்ரியா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெளியே தார் உருகுகிற வெயில். அவள் அபாயாவுக்கு உள்ளே தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அதன் கையை இழுத்து விரல் நுனிவரை மூடியிருந்தாள்.

மாமியாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியே கதைத்தேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் தயார் செய்த பதில் இருக்கும். வீட்டைப் பற்றிக் கேட்டேன். கணவர் இம்தியாஸ் கத்தாரில் சாரதி வேலை. பிள்ளைகள் இரண்டு. பிறகு, "ஒரு நாளையில உங்களுக்கு ஆகக் கஷ்டமான நேரம் எது மகள்?" என்று கேட்டேன்.

யோசிக்காமலே சொன்னாள். "நோம்பு திறக்குற நேரம்."

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நானும் நோன்பு பிடிக்கிறவள்தான். நாள் முழுக்கத் தாகத்தோடு இருந்துவிட்டு அந்தியில் மஃரிப் பாங்கு கேட்கிற நேரம் ஒரு நோன்பாளிக்கு எவ்வளவு சந்தோஷமானது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குப் பயப்படுகிற ஒருத்தி பிடிப்பது நோன்பாக இருக்க முடியாது. ஆனால் நான் அதை அன்றைக்குச் சொல்லவில்லை. நமக்கு விளங்கிவிட்டது என்பதற்காக எதிரில் இருப்பவரிடம் உடனே கொட்டிவிடக் கூடாது. அவரே வந்து சேருகிறவரை காத்திருக்க வேண்டும். அதுவரை அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை டொக்டர் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். "நீங்க சொல்றதை நான் வெளியில கொண்டுபோக மாட்டன். உங்கட உயிருக்கு ஆபத்து எண்டு டொக்டர் சொன்னா மட்டும் வீட்டாக்களுக்குச் சொல்லுவன். அப்பவும் முதல்ல உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்." தலையாட்டினாள். ஒவ்வொரு முறையும் டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் என்னிடம் வர வேண்டும் என்பதற்கும் ஒத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த வாரங்களில் கதை துண்டு துண்டாக வெளியே வந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் வீடியோ கோலில் இம்தியாஸ் சிரித்துக்கொண்டு, "என்ன, முகம் பெருநாள் பிறை போயி பௌர்ணமியா வந்திருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அவளும் சிரித்திருக்கிறாள். அதன் பிறகு போனை உயர்த்திப் பிடித்து, உடம்பை மறைத்து, முகத்தை மட்டும் ஒடுக்கமாகக் காட்டப் பழகினாள். சாப்பாட்டைக் குறைத்தாள். கொஞ்சம் மெலிந்ததும் கல்யாண வீடுகளில் பெண்கள் சுற்றி நின்று மாஷா அல்லாஹ் சொன்னார்கள். வகுப்பில் கூடப் படித்தவள் மெலிந்த இரகசியம் கேட்டாள். நஸ்ரியா அதற்கு முன்பு எதிலும் முதலாவதாக வந்ததில்லை.

"பெருநாளைக்கு அவர் லீவுல வாறார் மிஸ். அதுக்குள்ள நான் பழைய ஆளா வரணும் எண்டுதான் தொடங்கின" என்றாள் ஒருநாள். "இப்ப அவரே வந்து வேணாம் எண்டு சொன்னாலும் என்னால நிப்பாட்ட ஏலாது. மண்டைக்குள்ள ஒராள் இருந்து ஏசிக்கொண்டே இருக்கிற மாதிரி."

"எப்பயாவது அந்த ஆள் வாய மூடுறதா?"

"நோம்பு எண்டு மனசுக்குள்ள நிய்யத்து வெச்சா மூடும். ஏனெண்டா அண்டைக்குச் சாப்பிடச் சொல்லி ஒருத்தரும் கேட்க மாட்டாங்க."

பிறகு ரமழான் வந்தது. முப்பது நாளும் ஊர் முழுக்க நோன்பு. அவளுக்கு அதைவிடப் பாதுகாப்பான மறைவிடம் கிடைத்திருக்காது. அதற்குத்தான் நான் பயந்தேன். முதல் வாரத்திலேயே கிளினிக் நாளில் மாமியாரின் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். டொக்டர் நாடியைப் பிடித்தார். ஈசிஜி எடுத்தார். முகம் மாறியது. அவர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பையன். தமிழை முயன்று பேசுவார். என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"மிஸ், ஹார்ட் சரியில்ல. இப்பவே வாட்டுக்குப் போகணும். அவ மாட்டேன் சொல்றாங்க. நோன்பு சொல்றாங்க. மௌலவி ஒராள் கூப்பிடுவம். அவர் சொன்னா கேட்பாங்கதானே?"

நல்ல மனதோடு கேட்டார். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது என்பது எந்த மௌலவியும் சொல்லக்கூடியதுதான். ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். அந்த நேரத்தில் மௌலவி வந்தால் நோன்பா, இல்லையா என்பது வழக்காகிவிடும். நஸ்ரியா "நான் நோயாளி இல்ல" என்று ஒரே சொல்லில் அந்த வழக்கை வென்றுவிடுவாள். வென்று வீட்டுக்குப் போவாள். போனால் திரும்பி வருவாளா என்பது நிச்சயமில்லை. "எனக்குக் கொஞ்ச நேரம் தாங்க டொக்டர்" என்றேன். அவர் கதவுக்கு வெளியே தாதி ஒருவரை நிறுத்திவிட்டு வாட்டில் கட்டில் ஆயத்தம் செய்யப் போனார்.

நஸ்ரியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் வாய் திறக்க முதலே, "நீங்களும் என்ட நோம்ப முறிக்கச் சொல்லத்தான் வந்திருக்கீங்க" என்றாள்.

"நானும் இண்டைக்கு நோம்புதான் மகள். உங்கட நோம்பைப் பத்தித் தீர்ப்புச் சொல்ல நான் ஆரு? ஒரே ஒரு கேள்வி கேட்கிறன். பதில எனக்குச் சொல்லத் தேவையில்ல, உங்களுக்கே சொல்லுங்க. இண்டைக்கு விடியமுந்தி ஸஹர் நேரம் நிய்யத்து வைக்கக்குள்ள, அது ஆருக்காக வெச்சது?"

அவள் நெடுநேரம் பேசவில்லை.  நானும் பேசவில்லை. பிள்ளைகளே, இந்த மாதிரி மௌனத்தில் நமக்கு வாய் துறுதுறுக்கும். அவசரம் வேறு. அப்போதும் பொறுக்க வேண்டும். கேள்வி உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிற நேரம் அது.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "நிய்யத்து சொல்லக்குள்ள எனக்கு வெட்கமா இருக்கு மிஸ். ஒவ்வொரு நாளும் அல்லாஹ்வ ஏமாத்துறன் எண்டு நினைக்கிறன். அதுக்கும் சேர்த்து இன்னும் கடுமையா இருக்கணும் எண்டு நினைக்கிறன்."

அந்த வெட்கத்தைப் பிடித்து இழுத்து அவளைச் சாப்பிட வைத்திருக்க முடியும். ஒரு நாள் சாப்பிடுவாள். மறுநாள் அதே வெட்கம் அவளை இன்னும் பட்டினி போடும். அதனால் அதை நான் தொடவில்லை. "இது ஒரு நோய் மகள். நோயாளி ஒராள் தன்ட நோய மறைக்கிறதுக்கு என்ன கைக்குக் கிடைக்குதோ அதைத்தான் எடுப்பார். உங்களுக்கு நோம்பு கிடைச்சிருக்கு. அந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கும் உங்களப் படைச்சவனுக்கும் இடையில. இப்ப உங்கட இதயம் களைச்சுப்போய் நிக்குது. அதை முதல்ல பார்ப்பம்" என்றேன்.

"வாட்டுக்கு வாறன். மாமிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"சொல்லத்தான் போறன். முதல் நாளே அப்படித்தானே பேசிக்கொண்டம்? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா? அதை மட்டும் நீங்க முடிவெடுங்க."

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "நீங்க சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கன். ஆனா மெலிவு, கொழுப்பு எண்ட சொல்லு ஒண்டும் வேணாம்."

மாமியாரை உள்ளே கூப்பிட்டேன். நான் அவரை ராத்தா என்றுதான் அழைப்பேன். எங்கள் பக்கத்தில் அக்காவுக்குச் சொல்வது. நஸ்ரியாவுக்கு வந்திருப்பது நோய் என்றும், இந்த நோன்புகள் அந்த நோயின் பகுதி என்றும், இன்றைக்கே அவள் மருந்தும் ஆகாரமும் எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றும் நேராகச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

அவர் மருமகளைப் பார்த்தார். முகம் சிவந்தது. "வேணுமெண்டே பட்டினி கிடந்தாயா? இந்தக் கரைத்தீவுக்கு வந்த புதுசுல நிவாரணக் கூப்பன் அரிசிக்கு நீட்டின கை புள்ள இது. உன்ட புருஷனுக்குக் கஞ்சித் தண்ணி பருக்கி வளர்த்த கை. வீட்ட நிறையச் சோறு இருக்கக்குள்ள பசி கிடந்தாயா?"

பசியில் கிடந்த ஒருவருக்கு இதை விளங்கப்படுத்துவது ஆகக் கடினம். அவர் கோபம் நியாயமானது. நான் குறுக்கே பேச நினைத்தேன். அதற்குள் நஸ்ரியாவே பேசினாள்.

"பசிக்குது மாமி. ஒவ்வொரு நாளும் பசிக்குது. சாப்பிடத்தான் பயமா இருக்கு."

 ராத்தா கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "பயமா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "பயமெண்டு முதல்லயே சொல்லியிருக்கலாமே புள்ள. பயத்தை எனக்குத் தெரியாதா?" அதன் பிறகு அவர் அவளை ஏசி நான் கேட்டதில்லை.

வாட்டுக்குப் போனோம். எதை, எவ்வளவு, எந்த வேகத்தில் கொடுப்பது என்பதை டொக்டர் தீர்மானித்தார். அதில் நம் கை படக் கூடாது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு அவசரப்பட்டு ஊட்டினால் அதுவும் ஆபத்து. தாதி ஒரு சிறிய கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். பட்டப்பகல். பக்கத்துக் கட்டில்களைச் சுற்றி நோன்பு பிடித்த பெண்கள் பலர் நின்றார்கள். கரைத்தீவுக்காரர்களும் இருந்தார்கள்.  கோப்பை நஸ்ரியாவின் உதட்டருகே போய்ப் போய்த் திரும்பி வந்தது.

ராத்தா எழுந்து தன் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்து, அவளுக்கும் வாட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். "மாமியும் பார்க்கல்ல. நீ ஆறுதலாக் குடி" என்றார். அவரும் அன்றைக்கு நோன்பு. கை வலித்திருக்கும். கோப்பை முடிகிறவரை தலைப்பை இறக்கவில்லை.

நஸ்ரியா அந்த வீடியோ கோல் பகிடியைச் சொல்லக் கேட்டு, வாட்டுக்கு வெளியே நடைக்கு வந்த பிறகுதான் ராத்தாவுக்கு மகன் மேல் கோபம் வந்தது. கத்தாருக்குக் கோல் எடுத்து, "நீ என்னடா சொன்னாய் இந்தப் புள்ளைய?" என்று கத்தினார். இம்தியாஸ் அங்கே தவித்தார். நான் போனைக் கேட்டு வாங்கினேன்.

"மிஸ், நான் பகிடிக்குத்தான் சொன்னன். சத்தியமாப் பகிடிக்குத்தான்." அழுதுகொண்டிருந்தார்.

குடும்பங்கள் முதலில் தேடுவது குற்றவாளியைத்தான். நம்மிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள். ஒருவர் சொன்ன ஒரு சொல்லால் மட்டும் இந்த நோய் வருவதில்லை. அந்தச் சொல் இல்லாவிட்டால் வேறொன்று வாசலாக இருந்திருக்கும். விசாரணை நடத்தி அவரைக் குற்றவாளியாக்கினால் யாருக்கும் ஒரு வாய் சோறு கூட இறங்காது. மாறாக, உதவக்கூடிய ஒரு ஆளை இழந்துவிடுவோம்.

"தம்பி, என்ன சொன்னீங்க எண்டு நான் கேட்கல்ல. உங்களால ஒரு வேலை ஆகணும். இங்க மஃரிப் நேரம் ஒவ்வொரு நாளும் வீடியோ கோல் எடுங்க. அவ சாப்பிட்டு முடியிற வரைக்கும் கதைச்சுக்கொண்டிருங்க. சாப்பாட்டைப் பத்தி, உடம்பைப் பத்தி மட்டும் ஒரு கதையும் வேணாம்."

"அந்த நேரம் இங்க இன்னும் நோம்பு திறக்கல்ல மிஸ். நான் சும்மாதான் பார்த்துக்கொண்டிருக்கணும்."

"பரவாயில்ல. சும்மா இருங்க."

செய்தார். லொறியை ஓரத்தில் நிறுத்திவிட்டு, காய்ந்த உதட்டோடு, தெருவில் பார்த்த ஒட்டகத்தைப் பற்றியும் கூட வேலை செய்கிற நேபாளக்காரன் பாடுகிற பாட்டைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருப்பாராம். நஸ்ரியா போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, சில நாள் நான்கு வாய், சில நாள் இரண்டு வாய், சில நாள் அழுகை மட்டும்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மனநல வைத்திய நிபுணரிடம் அனுப்பினோம். அவர் வழி காட்ட, டொக்டர் உடம்பைப் பார்க்க, நான் வாராவாரம் அவளோடு உட்கார்ந்தேன். இந்த நோயைத் தனியே சுமக்கப் பார்க்காதீர்கள். தனியே சுமப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. அந்தப் பெருமைக்கு விலை கொடுப்பது நோயாளிதான்.

பெருநாளைக்கு இம்தியாஸ் வந்தார். சில நாள் கழித்து என் அறைக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டு நின்றார். "மிஸ், உடம்பைப் பத்திக் கதைக்க வேணாம் எண்டீங்க. அழகா இருக்கா எண்டாவது சொல்லலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொல்லுங்க தம்பி. மெலிஞ்சு அழகு எண்டும் வேணாம், இப்ப உடம்பு போட்டு நல்லா வந்திருக்கா எண்டும் வேணாம். அதைவிட அவ சொல்ற கதையைக் கேட்டுப் பதில் சொல்லுங்க. இவ்வளவு நாளும் அவட முகத்தை மட்டும்தானே பார்த்துக்கொண்டிருந்தீங்க?"

அவர் கத்தாருக்குத் திரும்பிப் போன பிறகு அவள் ஒருமுறை சறுக்கினாள். இந்தத் துறையில் சறுக்கல் வரும், அதைக் கண்டு திடுக்கிடாதீர்கள். யார் முதலில் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். இந்த முறை அவளே கோல் எடுத்தாள். "மிஸ், திங்கக்கிழமை நோம்பு பிடிக்க ஆசையா இருக்கு. அந்தப் பழைய ஆசைதான். அதான் உங்களுக்குச் சொல்லுவம் எண்டு." அன்றைக்கு இரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அடுத்த ரமழானிலும் நோன்பு பிடிக்க வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். விட்ட நோன்புகளுக்கு என்ன செய்வது என்று அவளும் ராத்தாவும் தாங்களாகவே மௌலவி ஒருவரைப் போய்க் கேட்டு வந்தார்கள். இப்போது, தான் நோயாளி என்பதை அவள் தன் வாயால் சொல்லிவிட்டுக் கேட்டாள். அதனால் அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் பலன் இருந்தது.

அந்த மாதத்தில் ஒருநாள் நோன்பு திறக்க என்னைக் கூப்பிட்டார்கள். கரைத்தீவில் அவர்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, அயல் பெண்கள் எல்லாம் கூடியிருந்தோம். ஒருத்தி வழக்கம்போல, "நஸ்ரியாக்கு இண்டைக்கும் நோம்புதானே? இவவைப் போல இருக்க எங்களுக்கு ஏலுமா?" என்றாள்.

ராத்தா வாய் திறக்கப் போனார். நஸ்ரியா முந்திக்கொண்டாள். "இல்ல. எனக்குச் சுகமில்ல. டொக்டர் நோம்பு வேணாம் எண்டு சொல்லியிருக்கார். பகலைக்குச் சோறு தின்டன்."

சத்தமாக, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.  "அல்லாஹ் சுகத்தைத் தரட்டும்" என்றாள் அயல் பெண். "ஆமீன்" என்றாள் நஸ்ரியா.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம் கை மாறியது. எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிய ராத்தா அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் சாப்பிடுவதை நோட்டம் பார்க்கக் கூடாது என்பது எங்களுக்குப் பழகிப்போன ஒழுங்கு. அவள் ஒரு வாய் குடிக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு வாய் குடித்தாள். எவ்வளவு குடிக்கிறாள் என்று எண்ணாமல், பயத்தை விழுங்காமல், வாயில் இருந்ததை ருசி பார்த்தாள் என்பது அவள் அடுத்துச் சொன்னதில்தான் எனக்குத் தெரிந்தது.

"மாமி, கஞ்சிக்கு உப்புக் காணாது."

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. "நாட்டுக்கே உப்பு அனுப்புற புத்தளத்துல இருந்துகொண்டு எனக்கு உப்புக் காணாது எண்டு சொல்றியா?" என்று ராத்தா சத்தம் போட்டுக்கொண்டே எழுந்து குசினிக்குள் போனார். நஸ்ரியா கோப்பையை நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.